வாசல் பார்த்த விரல்

எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்தவள். நான் எழுதி வெளியே போனவை என்றால் ரேஷன் கார்டு விண்ணப்பங்களும், பட்டுத் துணியில் நூல் கட்டித் தொங்கவிடுகிற சீட்டுகளும்தான். ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர் முன்னால் கொஞ்சமாவது நேராக நின்றிருக்க வேண்டும். இந்த அக்காவின் முன்னால் நான் அப்படி நிற்கவில்லை. அது என்ன என்பதையும் எழுதத்தான் போகிறேன். அவருடைய பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் இந்தத் தீவில் அவர் இருந்த புரோத்ராபூர் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

அக்கா என்றதும் எனக்கு முகம் ஞாபகம் வருவதில்லை. வலது கை ஆள்காட்டி விரல்தான் வருகிறது. நகம் ஒட்ட வெட்டியிருக்கும். நகக்கண்ணில், சாயத்துக்கு ஊறவைக்கிற படாக் மரத்தூளின் சிவப்பு ஏறிப்போயிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த விரலை ஒவ்வொரு பட்டுக்கூட்டின் வாய்க்குள்ளும் விடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு கூடையில் போடுவார். ஒரு மூட்டையில் எத்தனையோ ஆயிரம் கூடு இருக்கும். அத்தனைக்கும் இதே மாதிரி.

அவர் செய்தது ஸ்கார்ஃப். டூரிஸ்டுகள் கழுத்தில் சுற்றிக்கொள்கிற நீளத் துணி. வழக்கமான பட்டுக்குக் கூட்டைப் புழுவோடு சேர்த்துக் கொதிநீரில் போடுவார்கள். அக்காவின் பட்டு அப்படி இல்லை. ஆமணக்கு இலை தின்கிற ஒரு புழு, கூடு கட்டி, உள்ளேயே பூச்சியாகி, ஒரு முனையைத் தள்ளிக்கொண்டு தானாக வெளியே போய்விடும். மிச்சம் கிடக்கிற காலிக் கூட்டைச் சோடாவில் வேகவைத்துப் பஞ்சாக்கி நூற்பதுதான் எங்கள் வேலை. கூடு கல்கத்தா கப்பலில் வரும். ஒரு ஆள் உயர மூட்டையை ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

பூச்சி தானாகப் போன கூட்டில் வாய் கலைந்து கிடக்கும், தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். பூச்சி வெளியே வரும்போது விடுகிற நீர் அது. சில ஊர்களில் உள்ளே இருக்கும் புழுவைச் சாப்பாட்டுக்கு எடுப்பார்கள். அதற்குக் கூட்டைப் பிளேடால் கீறுவார்கள். அந்தக் கூட்டில் ஓரம் நேராக இருக்கும், கறை இருக்காது. இந்த வித்தியாசத்துக்குத்தான் அந்த விரல். அக்கா அதை வாசல் என்பார்.

"வாசல் இருக்கா பாரு. அதுவா போச்சா, எடுத்துட்டாங்களான்னு வாசல்தான் சொல்லும்."

இவ்வளவு பார்க்கிறவர் மீன் சாப்பிடுவார். அதுவும் நன்றாகவே சாப்பிடுவார். ஒரு நாள் நாங்கள் வேலை செய்கிற ஷெட்டைப் பார்க்க வந்த மெயின்லேண்டுப் பெண் ஒருத்தி, அக்கா மத்தியானம் சூரை மீன் குழம்பு ஊற்றிப் பிசைவதைப் பார்த்துவிட்டு, "பூச்சியக் கொல்ல மாட்டீங்க, மீனைச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

"மீனைத் தின்னா மீனைத் தின்னேன்னு சொல்றேன்ல?" என்றார் அக்கா. "மீன் தானா வந்து சட்டியில படுத்திச்சுன்னு சீட்டு எழுதி ஒட்டல பாருங்க."

அந்தப் பெண் இரண்டு ஸ்கார்ஃப் வாங்கிக்கொண்டு போனாள்.

கூட்டிடம் கேட்கிற கேள்வியை அக்கா மனிதர்களிடமும் கேட்பார். அதுதான் அவரிடம் பழகுவதில் உள்ள கஷ்டம். இந்தத் தீவில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று கேட்பது இங்கே சாதாரணம். அக்கா அதெல்லாம் கேட்க மாட்டார். "நீயா வந்தியா, அனுப்பிவிட்டாங்களா?" என்பார். தபால்காரரிடம் கேட்டார். தண்ணீர் லாரி ஓட்டுகிற தெலுங்குக்காரரிடம் கேட்டார். எங்கள் ஷெட்டில் தறி நெய்த பெங்காலி அம்மாவை எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம். அவரிடமும் முதல் நாளே கேட்டாராம். பௌதி வெற்றிலைச் சிவப்பாகச் சிரித்து, "பேட் லேகே ஆயா, தீதி" என்றாராம். வயிறு கூட்டிக்கொண்டு வந்தது அக்கா என்று. அக்கா அதைச் சரியான பதில் என்று ஏற்றுக்கொண்டார்.

என்னை ரேஷன் கடையில் பார்த்தார். யாருக்கோ படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி, உன் எழுத்து கோணாம நிக்குது. எனக்குச் சீட்டு எழுதித் தருவியா?"

நான் தலையாட்டினேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது.

"எந்தப் பக்கம்?"

"பரமக்குடி பக்கம்ங்க."

"நீயா வந்தியா, அனுப்பிவிட்டாங்களா?"

"கல்யாணம் பண்ணி வந்தேங்க்கா."

"அது ஐலேண்டர் கார்டு படிவத்துல எழுதுற பதிலு. எனக்குச் சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா கட்டாயப்படுத்தவில்லை. "சரி, தெரியிறப்ப சொல்லு" என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். வேலை நடுவில், சாதாரணமாக, உப்புப் போட்டாயா என்று கேட்பது போல. நான் சிரித்து மழுப்புவேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் இருக்கிறது. விமானம் இறங்கும்போது அடிவயிறு தெரியும். வீட்டுக்காரர் ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டோர் பார்க்கிறார். ஒன்பது மணிக்குப் போனால் ஐந்தரைக்கு வருவார். பையன் மெயின்லேண்டில் படிக்கிறான். எனக்கு ஹிந்தி சரியாக வராது. பக்கத்து வீடுகளில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். பேசுவதற்கு ஒரு வாக்கியத்தை மனதில் சரிசெய்து முடிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். அக்காவின் ஷெட் எனக்குக் கிடைத்த முதல் வெளி இடம். ஒன்பதேகாலுக்கு அங்கே இருந்தால் நாலு மணி வரை நானும் ஒரு ஆள்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிட வேண்டும். "டைம் பாஸ்னா போயிட்டு வா" என்றுதான் அனுப்பினார். ஒரு நாள் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. ஸ்கூட்டரில் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"வாங்க தம்பி. என்னா விசேஷம்?" என்றார் அக்கா.

"சாவி இவகிட்ட இருக்குங்க்கா. அதான்."

"சாவி வேணுமா, ஆளு வேணுமா?"

"ரெண்டும்தான்" என்று சிரித்தார்.

"அவளா வர்றாளா, நீங்க கூட்டிப் போறீங்களா?"

"என்னக்கா, கோர்ட்டு மாதிரி கேக்குறீங்க. எப்படிப் போனாலும் ஒரே ஸ்கூட்டர்தானே?"

தறிக்குப் பின்னால் பௌதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் கையிலிருந்த சீட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அக்கா என்னையே பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. ஒரு கூட்டின் வாயைச் சுற்றிப் பார்க்கிற பார்வை. வழியில் வீட்டுக்காரர், "நல்ல மனுஷிதான். ஆனா பேச்சு ஒரு மாதிரி" என்றார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசாமலிருப்பதில் ஒரு வசதி, காற்றில் கேட்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஷெட்டில் இப்போது ஸ்கூட்டர் ரிப்பேர் நடக்கிறது. நான் சொல்லப்போகிற விஷயம் நடந்து ஒரு மழைக்காலம்தான் அக்கா அங்கே இருந்தார். அவருடைய தம்பி வந்து கச்சால் தீவுக்குக் கூட்டிப்போய்விட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். அவரே பையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார் என்று பௌதி சொல்கிறார். நான் அன்று வழியனுப்பப் போகவில்லை. யாராவது அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால், அவரா போனாரா, கூட்டிப்போனார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அவருடைய வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது.

அவருக்கு அந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். படாக் தூள் ஊறவைத்த அண்டாவைக் கிண்டிக்கொண்டே சொன்னார். அந்தத் தூள் சாத்தம் மர மில்லிலிருந்து சாக்கில் வரும். மற்ற வீடுகளில் அடுப்புக்கு வாங்குவார்கள், நாங்கள் நிறத்துக்கு வாங்குவோம். சோடா போட்டால்தான் சிவப்பை விடும். அதுவும் பிகு பண்ணிக்கொண்டுதான் விடும்.

"நாங்க சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்தோம். எனக்கு எட்டு வயசு. ஆபீசுல ஒரு பேப்பரை நீட்டுனாங்க, அப்பா ரேகை வெச்சாரு. கப்பலேறி மண்டபம் கேம்ப்புக்கு வந்த பொறவு ஒருத்தர் அதை வாசிச்சுக் காட்டுனாராம். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் போகிறேன்'னு இருந்திச்சாம். அப்பா கேட்டாராம், 'ஏங்க, என் விருப்பத்தை எழுதுனது யாரு?'ன்னு. அங்க இருந்து கச்சாலுக்கு அனுப்புனாங்க, ரப்பர் வெட்ட. அதுவும் விருப்பம்தான்னு எழுதியிருந்திச்சோ என்னமோ, எங்களுக்கு வாசிக்க ஏலாது."

துடுப்பைத் தூக்கி வடியவிட்டார்.

"எழுத்து மட்டும் அழகா இருந்திச்சாம். அச்சடிச்ச மாதிரி. அப்பா சாகுற வரைக்கும் அதைச் சொல்லுவாரு."

அன்று பிற்பகல் நான் இருபது சீட்டு எழுதினேன். ஒரு பக்கம் தமிழில், 'இந்தத் துணிக்காக எந்த உயிரும் கூட்டுக்குள் சாகவில்லை. நிறம்: படாக் மரத்தூள்.' மறுபக்கம் இங்கிலீஷில் அதையே, எங்கள் துணியை விற்கிற கடைக்கார அம்மா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக.

அந்தக் கடை வேறொரு தீவில், டூரிஸ்டுகள் போகிற கடற்கரையில் இருந்தது. எங்கள் துணி முழுவதும் அங்கேதான் போகும்.

ஒரு தடவை வந்த மூட்டையில் கால்வாசி பார்ப்பதற்குள் ஏழு கூடு வெட்டுக் கூடாக இருந்தது. அக்கா மூட்டையையே திருப்பி அனுப்பிவிட்டார்.

"சாத் கே லியே பூரா போரா?" என்றார் பௌதி. ஏழுக்காக முழு மூட்டையா என்று.

"ஏழு நான் பார்த்தது. பார்க்காதது எத்தனை?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "வெட்டுறவங்க மேல தப்பில்ல. அவங்க சாப்பாடு அது. நம்ம சீட்டுல வேற மாதிரி எழுதக்கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த மூட்டை வர இரண்டு மாதம் ஆனது. கப்பல் ரிப்பேர், பிறகு காற்று. அந்த இரண்டு மாதமும் ஷெட் மூடிக் கிடந்தது. நான் வீட்டில் இருந்தேன். காலையில் இரண்டு விமானம், மத்தியானம் ஒன்று. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, "பால் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். குரல் கட்டைக் குரலாக வந்தது. அவர், "சளியா?" என்றார். சளி இல்லை. காலையிலிருந்து வாயைத் திறந்து நான் சொன்ன முதல் சொல் அதுதான். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வராத நாள் என்பதும் மறந்து, அப்படியே நின்றேன்.

இதைச் சொல்வது, பிறகு நான் செய்ததற்கு நியாயம் கேட்பதற்காக இல்லை. எதற்குப் பயந்தேன் என்று தெரிவதற்காக.

அதற்கு அடுத்த வருஷம் அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். தூசி, ஆவி, அடுப்புப் பக்கம் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து நாற்பது ஸ்கார்ஃப் கேட்டார்கள். கல்கத்தா கப்பலில் மூட்டையும் வந்தது. பௌதி உறவினர் கல்யாணத்துக்கு மாயாபந்தர் போயிருந்தார். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை நீ பாரு தங்கச்சி. உன் கண்ணுதான் என் கண்ணு."

மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். அதில் இரண்டின் ஓரம் நேராக இருந்தது. அடுத்த பிடியில் மூன்று. இன்னொரு பிடியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் நாலு.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா. என்னிடமிருந்து நாலடி தூரம்கூட இல்லை.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

சொல்வதற்கு முன் நான் யோசிக்கவில்லை. ஜன்னல் கம்பியும் விமானத்தின் அடிவயிறும் கண்ணுக்கு முன்னால் வந்தன, வாய் சொல்லிவிட்டது. யோசித்ததெல்லாம் பிறகுதான். அக்கா சும்மா இருக்க மாட்டார், இரண்டு கூட்டைக் கேட்டு வாங்கி விரலை விட்டுப் பார்ப்பார். நாலு நாள் போனால் கண்ணாடியையும் கழற்றிவிடுவார்.

அதனால் நான் வாசல் செய்தேன்.

மத்தியானம் அக்கா பின்னால் வீட்டுக்குள் படுக்கப் போவார். அந்த இரண்டு மணி நேரம்தான். வெட்டுக் கூடுகளைத் தனியாக எடுத்து, கொண்டை ஊசியால் ஓரத்தைக் கலைத்தேன். நேர்க்கோடு போகும்வரை பிய்த்து, விரலால் உருட்டினேன். கறை வேண்டுமே. பழுப்பு ஸ்கார்ஃபுக்காகப் பாக்குமட்டை வேகவைத்த சாயம் ஒரு சட்டியில் மிச்சம் இருந்தது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, அதில் தோய்த்து, ஒவ்வொரு வாயிலும் ஒரு சொட்டு வைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். என் எழுத்தைப் போலவே அதுவும் சுத்தமாக வந்தது. கடைசியில் எது பூச்சி செய்தது, எது நான் செய்தது என்று எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா கையை நீட்டினார். "ரெண்டு குடு பாப்பம்."

நான் பார்த்து எடுக்கவில்லை. கைக்கு வந்ததைக் கொடுத்தேன். அதில் ஒன்று நான் செய்தது. அக்கா விரலை உள்ளே விட்டு, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நல்லா போயிருக்கு" என்றார். கூட்டை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். "எங்க போச்சோ."

மூன்று மாதம் நூற்றோம், பௌதி நெய்தார். நாற்பதும் பால் வெள்ளையாக, ஒரு குற்றமும் இல்லாமல் வந்தன. மூன்று மாதமும் நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அக்கா, "என்னா இவ, சம்பளத்துக்கு மேல உழைக்கிறா" என்று பௌதியிடம் கேலி செய்தார். கண் நன்றாகிவிட்டது. புது லென்ஸில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். என் தலையில் நரைமுடி எண்ணினார். பௌதியின் பல் இவ்வளவு கறுப்பு என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்றார்.

படாக் தண்ணீரில் நாற்பதையும் முக்கினோம். இளஞ்சிவப்பு ஏறியது. கடைக்கார அம்மா கேட்டது அந்த நிறம் இல்லை. மழைக்கு முந்திய கடல் மாதிரி, சாம்பலும் ஊதாவுமாக வேண்டும் என்றிருந்தார். அதற்கு ஆணித் தண்ணீர் உண்டு. துருப்பிடித்த ஆணிகளையும் படகு இரும்பையும் வெல்லத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் மூடிவைப்போம். அதை இரண்டு கரண்டி எடுத்து வாளித் தண்ணீரில் கலந்து துணியை முக்கினால் நிறம் இறங்கும்.

முதல் துணியை அக்காதான் முக்கினார். எண்ணுவது போல உதடு அசைந்தது. தூக்கினார். சாம்பல் ஊதா மிக அழகாக வந்திருந்தது. அதன் மேல் எங்கு பார்த்தாலும் எள்ளைத் தூவினது மாதிரி கறுப்புப் புள்ளி. இழையோடு இழையாக, கறுத்த மயிர்த் துண்டுகள் போல.

இரண்டாவதை முக்கினார். அதிலும் வந்தது. மூன்றாவதிலும்.

ஆணித் தண்ணீரில் துரு கட்டியிருக்கும், வடிகட்டவில்லை என்று பௌதி சொன்னார். அக்கா ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டைக் கிழித்தார். பாக்குமட்டைச் சாயச் சட்டியில் விரலைத் தொட்டு அதில் ஒரு பொட்டு வைத்தார். வெந்நீர்ச் சோடாவில் அலசினார். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு அதை ஆணித் தண்ணீரில் போட்டார். போன பொட்டு கறுப்பாக எழுந்து வந்தது.

"பாக்கு" என்றார் அக்கா. "வெள்ளைத் துணியில பாக்கு எப்படி வந்திச்சு?"

இரும்புக்கும் பாக்குக்கும் ஆகாது, கறுத்துவிடும் என்று எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். கறுப்பு ஸ்கார்ஃபை நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஆனால் தீக்குச்சியைப் பிடித்திருந்தபோது அது ஞாபகத்தில் இல்லை.

பௌதியின் கை வாய்க்குப் போயிற்று. தறியில் உட்கார்ந்து பான் போடாதே என்று அக்கா நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"மேரா பான், தீதி?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "என் பான்தானா? நெய்யும்போது தெறிச்சிருக்குமா? சாலீஸ் பீஸ்... தீதி, மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நாற்பதும் தன்னால் போயிற்று என்று அவர் முழுதாக நம்பிவிட்டார்.

அக்கா பௌதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

"பௌதி இல்லக்கா" என்றேன்.

"அப்ப?"

மூட்டையின் அடியில் மிஞ்சிய கூடுகள் சாக்கில் கிடந்தன. போய் ஒன்றைத் தேடி எடுத்து அக்காவின் கையில் வைத்தேன். அவர் வழக்கம் போல விரலை உள்ளே விட்டார். பாதிச் சுற்றில் நிறுத்திவிட்டு வெளியே எடுத்தார். புதுக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம். வெளியே தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"நீயா செஞ்சியா, யாராச்சும் செய்யச் சொன்னாங்களா?"

கடைக்கார அம்மா ஒன்றுவிட்டு ஒரு நாள் போன் செய்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் என்றாலும் அக்கா நம்பியிருப்பார்.

"நானாத்தான்க்கா."

அக்கா கூட்டைக் கீழே வைத்தார்.

"ஆறு வருஷமா கேக்குறேன்" என்றார். "இன்னைக்குத்தான் பதில் வருது."

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. ஏன் செய்தாய் என்றும் கேட்கவில்லை. போனை எடுத்துக் கடைக்கு அடித்தார். வெட்டுக் கூடு கலந்துவிட்டது, ஆணித் தண்ணீரில் போட்ட மூன்றிலும் கறுப்புப் புள்ளி, சீட்டில் எழுதியிருப்பது பொய் என்று ஹிந்தியில் சொன்னார். யார் கலந்தது என்று சொல்லவில்லை. அந்த அம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது. ஆணித் தண்ணீரில் போடாமல் இளஞ்சிவப்பாகவே மீதியைக் கொடுங்கள், புள்ளி தெரியாது, எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"கோன் தேகேகா, தீதி?" யார் பார்க்கப் போகிறார்கள்?

"மைனே தேக் லியா" என்றார் அக்கா. நான் பார்த்துட்டேனே.

போனை வைத்துவிட்டு முப்பத்தேழு துணியையும் எடுத்து என் முன்னால் போட்டார்.

"எல்லாத்தையும் முக்கு."

"அக்கா, இளஞ்சிவப்பாவே இருந்தா வேற எங்கயாச்சும்..."

"உள்ள ஒளிஞ்சு கெடக்க வேணாம். தெரியட்டும்."

ஒவ்வொன்றாக முக்கினேன். பௌதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாளியில் தண்ணீர் மாற்றினார். என்னோடு அவர் பேசவில்லை. ஒவ்வொரு துணியும் வாளிக்குள் போகும்போது சுத்தமாக இருக்கும். தூக்கும்போது நான் மூன்று மத்தியானங்களில் வைத்த சொட்டுகள் எல்லாம் வரிசையாக வெளியே வரும். ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினைந்தோ இருபதோ ஆனதும் பார்க்காமலே முக்கினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுகளின் நூலை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிழிக்கவில்லை. அவிழ்த்து, அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாலு மணி ஆயிற்று. கையைக் கழுவினேன். வாசல்வரை போய்விட்டு நின்றேன்.

"நாளைக்கு வரட்டுமாக்கா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"அதை எங்கிட்ட கேக்காத" என்றார்.

மறுநாள் ஷெட் குழாயில் தண்ணீர் வருகிற முறை. எட்டேமுக்கால் பஸ்ஸில் போனேன். மூன்று பேரும் நாற்பதையும் அலசிக் கொடியில் போட்டோம். மத்தியானத்துக்குள் காய்ந்தது. புள்ளிகள் அப்படியே இருந்தன.